கேஜுக்குக் கீழே அந்தச் சுருள் குழாய் எதற்கு?

13 ஜனவரி 2019, கேள்வி

அண்ணே, ரங்கூனுக்கு வெளியே மொகிங்கா நூடுல்ஸ் போடும் பட்டறை ஒன்றில் பாய்லர் பார்க்கிறேன். சின்ன பாய்லர், உமி எரிப்பது, 7 பார் அழுத்தம். நாலு மாதத்தில் மூன்று பிரஷர் கேஜ் போய்விட்டது. கேஜ் விற்ற கடைக்காரர், "கீழே பன்றிவால், அதாவது சுருள் குழாய், போடாமல் வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்கிறார். எங்கள் பிட்டர் சிரிக்கிறார். "கேஜ் ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன ஸ்டீம் வெளியே வராது, புது ஸ்டீம் போக இடமும் கிடையாது. ஓட்டமே இல்லாத இடத்தில் சூடு எப்படி ஏறும்? வளைந்த குழாய் விற்பவன் பிழைக்க ஒரு வழி" என்கிறார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. யாரை நம்புவது?

13 ஜனவரி, இரவு

கடைக்காரரை.

பன்றிவாலைப் போடுங்கள். போடும்போது அதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள். கால் டம்ளர் போதும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள், என் நாற்காலி வாசலில் கிடக்கிறது.

15 ஜனவரி, பொங்கல்

பிட்டர் சொல்லும் முட்டுச்சந்து வாதத்தை நானும் இருபது வயதில் நம்பியவன்தான். அதனால் அவரைக் கேலி செய்ய மாட்டேன்.

இன்று காலை எங்கள் வீட்டில் பானை பொங்கியது. அடுப்பிலிருந்து இறக்கி மூடி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மூடிக்கும் வெளியே போக வழி இல்லை, அதுவும் முட்டுச்சந்துதான். ஆனால் மூடியைத் தொட முடிந்ததா? என் பேத்தி தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டீம் காற்று மாதிரி இல்லை. குளிர்ந்த பித்தளையைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். அப்படி ஆகும்போது தன்னிடம் இருக்கும் சூட்டை மொத்தமாக அந்தப் பித்தளையிடம் இறக்கி வைத்துவிடும். ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீரானால் 2,000 கிலோஜூலுக்கு மேல். தண்ணீர் ஆனதும் அது பிடித்திருந்த இடம் 1,600ல் ஒரு பங்காகச் சுருங்கும். காலியான இடத்துக்குக் கீழேயிருந்து புது ஸ்டீம் வரும். அது வந்து, குளிர்ந்து, தண்ணீராகி, நேர்க்குழாய் என்றால் வந்த வழியே சொட்டிக் கீழே போய்விடும். மறுபடி புது ஸ்டீம். கேஜ் ஸ்டீமின் சூட்டுக்கே வரும் வரை இது நிற்காது. வந்த பிறகும் கேஜின் முகத்திலிருந்து வெளிக்காற்றுக்கு எவ்வளவு சூடு போகிறதோ, அவ்வளவையும் ஸ்டீம் கொண்டுவந்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே முட்டுச்சந்தில் ஓட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

7 பாரில் ஸ்டீமின் சூடு 170 டிகிரி செல்சியஸ். கடையில் கிடைக்கும் பித்தளை கேஜ்களில் உள்ளே முள்ளை நகர்த்தும் வளைகுழாயை ஈயப்பற்றால் ஒட்டியிருப்பார்கள். அந்த வகை கேஜுக்குள் போகும் பொருள் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே போட்டிருக்கிறார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று உருகுவது 183 டிகிரியில். உருகுவதற்கு வெகு முன்னாலேயே அது வலுவிழந்துவிடும். 170ல் நாலு மாதத்துக்கு மூன்று கேஜ் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. பட்டறை ராத்திரியில் நிற்பதால் மூன்று. ராப்பகலாக ஓடினால் ஆறு.

பன்றிவாலில் என்ன நடக்கிறது? அதே ஸ்டீம் வருகிறது, அதே மாதிரி தண்ணீராகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வளைவில் தேங்கிவிடும், திரும்பிப் போக முடியாது. இனி வரும் ஸ்டீம் தண்ணீரின் முகத்தை மட்டும் தொடும். கேஜைத் தொடுவது தண்ணீர். அழுத்தம் தண்ணீர் வழியாக அப்படியே போய்ச் சேரும், சூடு போகாது.

16 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1,600 மடங்கு என்பது பொங்கல் பானைக்கு, அதாவது திறந்த வெளி அழுத்தத்துக்கு. 7 பாரில் ஸ்டீம் ஏற்கெனவே நெருக்கி அடைபட்டிருப்பதால் 200 மடங்கு சொச்சம்தான். வாதம் மாறவில்லை, கணக்கு மாறியது. சுட்டிக்காட்டியவர் மோல்மேனில் கணக்கு வாத்தியாராம். வணக்கம் சார்.

20 ஜனவரி

கேஜ் செத்தால் பரவாயில்லை, புதிது வாங்கலாம். சாகாமல் பொய் சொல்லும் கேஜ்தான் ஆளைக் கெடுக்கும். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1984. பெகு பக்கம் ஒரு அரிசி மில். பேர் வேண்டாம். என் தாய்மாமா அங்கே பாய்லர் டிரைவர், நான் அவருக்குக் கீழே உமி தள்ளும் பையன். இஞ்சின் மார்ஷல், இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோவில் செய்தது, பித்தளைப் பலகையில் ஊர்ப் பெயர் தேய்ந்தும் தேயாமலும் இருக்கும். பர்மாவில் பழைய மில்களில் பாதிக்கு மேல் இப்படி ஏதாவது ஒரு சீமை இஞ்சின் கிடந்தது. உமியே தீனி. ஒரு கூடை நெல் 46 பவுண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல் வரும்வரை எரிக்கப் பஞ்சமில்லை. எரித்த சாம்பல் மில்லுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் கறுப்பு மலையாகக் குவிந்திருக்கும்.

பாய்லருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு பிரஷர். சேஃப்டி வால்வு 105ல் எழும்ப வேண்டும். அந்த சீசனில் வால்வு எழும்பும்போது கேஜ் 120ஐத் தாண்டி நின்றது. "வால்வு சோம்பேறியாகிவிட்டது" என்று முடிவு கட்டினார்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கேஜில் 105 காட்டும்போது எழும்பும்படி செய்தாயிற்று. எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்த நாளிலிருந்து இஞ்சினில் இழுவை இல்லை. உமி நீக்கும் கல்லுக்கு நெல்லை விட்டால் பெல்ட் தள்ளாடும். கேஜோ கம்பீரமாக 100 காட்டுகிறது. அப்படியானால் குறை எங்கே? உமி ஈரம் என்றார்கள். உமியைக் காய வைத்தோம். பிஸ்டன் வளையம் தேய்ந்தது என்றார்கள். இஞ்சினைத் திறந்து மூடினோம். பாய்லர் டியூபில் புகைக்கரி என்றார்கள். நான் உள்ளே பிரஷ் போட்டு, மூன்று நாள் கறுப்பாகத் துப்பினேன். மூன்று வாரம். முதலாளி தினம் ஒரு தடவை வந்து மாமாவைத் திட்டுவார், இந்தியில் பாதி, பர்மியில் பாதி. மாமா ஒன்றும் பேச மாட்டார், வாயில் வெற்றிலை இருக்கும்.

கடைசியில் ரங்கூனிலிருந்து ஒரு வயதான பிட்டர் வந்தார். துணிப்பையில் சுற்றி ஒரு கேஜ் கொண்டுவந்திருந்தார், கைக்குழந்தையைப் போல. ஆய்வாளர் கேஜ் பூட்டுவதற்கென்று பாய்லரில் தனியாக ஒரு வாய் உண்டு. அதில் தன் கேஜைப் பூட்டினார். எங்கள் கேஜ் 100. அவருடையது 82.

இஞ்சினை, உமியை, பிஸ்டனை, என் நுரையீரலை எல்லாம் சந்தேகப்பட்டோம். முள்ளை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

பாய்லர் கேஜின் அடியில் பன்றிவால் இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ நேர் நிப்பிள் போட்டிருந்தார்கள். வளைவே இல்லாத துண்டுக் குழாய் அது. சூட்டில் கேஜின் உள்ளே இருக்கும் வளைகுழாய் தளர்ந்து, விறைப்புப் போய், கொஞ்சம் நிமிர்ந்தே நின்றுவிட்டது. அதனால் முள் எப்போதும் உண்மையைவிட மேலே.

21 ஜனவரி

ஒருவர் கேட்கிறார்: "அதிகமாகக் காட்டினால் நல்லதுதானே, பாய்லர் பத்திரம்." அந்த மட்டுக்கு உண்மை. எங்கள் பாய்லர் வெடித்திருக்காது, மில்தான் நஷ்டத்தில் வெடித்திருக்கும்.

ஆனால் அடுத்து என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள். ஒரு புத்திசாலி வந்து முள்ளைப் பிடுங்கி, பூஜ்யத்தில் திரும்பக் குத்துவான். பாய்லர் நிஜமாகவே ஆறியிருக்கிறதா என்று பார்க்காமல், உள்ளே 10 பவுண்டு இருக்கும்போது குத்திவிட்டால், அன்றிலிருந்து அந்த கேஜ் 10 குறைத்துக் காட்டும். இப்போது பத்திரமா?

21 ஜனவரி, சாயங்காலம்

இன்னொன்று. சூடு பட்ட கேஜ் மேலேதான் காட்டும் என்று பொதுவாக எழுதிவிட்டேன். பன்றிவால் இருந்து, அதற்குள் துருவும் சேறும் அடைத்துக்கொண்டால் கதை வேறு. பாய்லரில் அழுத்தம் ஏறும், முள் நேற்றைய இடத்திலேயே தூங்கும். அது ஆள் கொல்லி. பன்றிவால் போட்டால் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டீமால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், நினைவுபடுத்துங்கள்.

27 ஜனவரி

நூடுல்ஸ் தம்பி எழுதுகிறார்: பன்றிவால் போட்டாயிற்று, தண்ணீர் ஊற்றித்தான் பூட்டினோம், ஆனால் கேஜ் இன்னும் கை வைக்க முடியாத சூடு. பிட்டர் மறுபடி சிரிக்கிறார்.

தம்பி, போட்டோ அனுப்புங்கள்.

27 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

போட்டோ பார்த்தேன். சிரித்தேன், மன்னிக்கவும்.

லேகிங் செய்தவர் நல்ல வேலைக்காரர். குழாய்க்குக் கிளாஸ் வூல் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்டு, ரிவெட் அடித்து, அதே கையோடு பன்றிவாலுக்கும் குளிராமல் போர்த்தி விட்டிருக்கிறார். கேஜின் கழுத்து வரை போர்வை. மார்கழிக் குளிரில் தாத்தாவுக்கு மஃப்ளர் கட்டியதுபோல்.

அந்தக் குழாய்க்கு வேலையே குளிர்வதுதான். அம்மணமாக இருக்க வேண்டும். காற்று படவேண்டும். போர்வையை உரியுங்கள். ஆனால் பக்கத்தில் நடப்பவர் கை படாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு வையுங்கள், ஸ்டீம் பக்கத்து முனை சுடும்.

28 ஜனவரி

உரித்தாயிற்றாம். கேஜில் கையை வைத்து இருபது எண்ண முடிகிறதாம். பிட்டர் இன்று சிரிக்கவில்லையாம், வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம்.

கை வைத்துப் பார்ப்பது முரட்டுச் சோதனைதான், ஆனால் மோசமில்லை. 60 டிகிரி இரும்பில் மனிதன் கையை வைத்துக்கொண்டு நிற்க மாட்டான். முதலில் ஒரு விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை எடுத்தவுடன் வைக்காதீர்கள்.

2 பிப்ரவரி

சுருள் வகையா, யூ வகையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்டீம் எடுக்கும் வாய் மேல்நோக்கி இருந்தால் சுருள். வாய் பக்கவாட்டில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் யூ. சுருளைப் படுக்கப் போட்டால் தண்ணீர் நிற்காது, வெறும் அலங்காரம். எப்படித் திருப்பினாலும் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் தண்ணீர் தேங்குமா?

கடையில் கிடைக்காவிட்டால் நாமே வளைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நாங்கள் வளைத்தோம். தையல் இல்லாத அரை அங்குல இரும்புக் குழாய். ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, மணலைப் போட்டுத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, உலையில் செவக்கக் காய்ச்சி, தடி இரும்பைச் சுற்றி வளைப்பது. மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும்.

மணல் காய்ந்திருக்க வேண்டும். இதை இரண்டு முறை படியுங்கள். நான் ஆற்று மணலை வெயிலில் ஒரு மத்தியானம் போட்டுவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நம்பினேன். உலையில் வைத்துப் பத்து நிமிடம் இருக்கும், கட்டை பறந்து தகரக்கூரையில் ஓட்டை போட்டது. கட்டை போன திசையில் ஒரு நிமிடம் முன்னால்வரை மாமா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டீமைப் பற்றி எனக்கு யாரும் அதற்குமேல் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மணலை வாணலியில் வறுத்து எடுங்கள், கடலை வறுப்பதுபோல.

இன்றைக்கு என்றால் கடையில் வாங்குவேன். என்ன அழுத்தத்துக்கு, என்ன சூட்டுக்கு என்று அடித்து வரும் குழாய் இருக்கும்போது உலை எதற்கு.

9 பிப்ரவரி

தண்ணீர் ஊற்றிப் பூட்டு என்று முதல் நாளே எழுதினேன். "ஸ்டீம் தானே தண்ணீராகி நிரப்பிக்கொள்ளுமே, நாம் எதற்கு ஊற்ற வேண்டும்?" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

நிரப்பிக்கொள்ளும், ஆனால் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் 170 டிகிரி நேராகக் கேஜுக்குப் போகிறது என்று நான் சொல்வது வழக்கம். இப்போது எழுதும்போது ஒரு சந்தேகம் வருகிறது. காலிக் குழாயில் காற்று இருக்குமே. 7 பாரில் அந்தக் காற்று எட்டில் ஒரு பங்காக நசுங்கி, கேஜ் பக்கம் ஒதுங்கும். கேஜின் வளைகுழாய் சின்னது, சுருள் பெரியது. நசுங்கிய காற்றே கேஜை ஓரளவு மூடிக் காப்பாற்றலாம். அப்படியானால் ஒரு தடவை மறந்து பூட்டினால் கேஜ் பிழைக்கலாம். பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் ஆட்கள் மறக்கவும் செய்கிறார்கள். ஆனால் வால்வைச் சடாரென்று திறக்கும்போது காற்றும் ஸ்டீமும் ஒழுங்காக வரிசையில் நிற்காது, கலந்து பாயும். கால் டம்ளர் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான விஷயம் ஒன்று. ராத்திரி பாய்லரை அணைத்து மூடிவிட்டுப் போகிறீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஸ்டீம் ஆறித் தண்ணீராகும், பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகும். கேஜுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்று விரியும், பன்றிவாலிலிருந்த தண்ணீரைப் பாய்லர் பக்கம் தள்ளிவிடும். காலையில் வளைவு காலி, யாருக்கும் தெரியாது. தினம் அணைத்து ஏற்றும் பட்டறைகளில் கேஜ் சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆறும்போது பாய்லரின் காற்று வால்வைத் திறந்து வைத்தால் வெற்றிடம் வராது.

(15 ஜனவரியில் "ராத்திரியில் நிற்பதால் மூன்று, ராப்பகலாக ஓடினால் ஆறு" என்று பெருமையாக எழுதினேன். பன்றிவாலே இல்லாத கேஜுக்கு அது சரி. பன்றிவால் போட்ட பிறகு தலைகீழ், நின்று நின்று ஓடுவதுதான் கெடுதல்.)

10 பிப்ரவரி

நினைவுபடுத்தியவருக்கு நன்றி. ஊதுவது.

கேஜுக்கும் பன்றிவாலுக்கும் நடுவில் மூன்று வழி காக் (கைப்பிடி திருப்பும் வால்வு) இருக்க வேண்டும். ஒரு நிலையில் ஸ்டீம் கேஜுக்கு, ஒரு நிலையில் கேஜ் வெளிக்காற்றுக்கு, இன்னொன்றில் பன்றிவால் வெளியே. கடைசி நிலையில் திருப்பினால் சேறு, துரு எல்லாம் புஸ்ஸென்று வெளியே போகும். முகத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

ஊதி முடித்ததும் எல்லாரும் செய்யும் தப்பு, உடனே காக்கைக் கேஜுக்குத் திருப்புவது. இப்போதுதானே தண்ணீரை எல்லாம் ஊதித் தள்ளினீர்கள், குழாயும் நெருப்பாக இருக்கிறது. மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். தண்ணீர் சேரட்டும், குழாய் ஆறட்டும். பிறகு மெதுவாகத் திறங்கள்.

காக்கை "கேஜ் வெளிக்காற்றுக்கு" நிலையில் வைத்தால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லையா, கேஜ் பொய் சொல்கிறது. இரண்டு நொடி வேலை. 1984ல் எங்களிடம் அந்தக் காக் இருந்திருந்தால் நான் மூன்று நாள் கறுப்பாகத் துப்பியிருக்க வேண்டாம்.

16 பிப்ரவரி

20 ஜனவரி குறிப்பைத் திரும்பப் படித்தேன். "யாரோ நேர் நிப்பிள் போட்டிருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

யாரோ இல்லை, நான்தான்.

அதற்கு முந்தைய சீசன் முடிவில் பன்றிவாலின் மரையில் ஒழுகல். மாமா கழற்றி, மரையைச் சரி செய்து போடச் சொன்னார். மரை தேய்ந்திருந்தது, சணல் சுற்றியும் நிற்கவில்லை. பெட்டியில் ஒரு நேர் நிப்பிள் கிடந்தது, அளவு கச்சிதம். முட்டுச்சந்துதானே, சூடு எங்கே போகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டேன். தம்பியின் பிட்டர் பேசும் அதே பேச்சு. ஒழுகல் நின்றது, மாமாவும் கீழேயிருந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். அவர் தீயைப் பார்க்கிற ஆள், மேலே ஏறிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாராவாரம் பாய்லர் கழுவும்போது, ஆறிய பாய்லரில் முள் 15ல் நிற்பதைப் பார்த்தவனும் நான். "உள்ளே கொஞ்சம் பிரஷர் மிச்சம்" என்று நினைத்தேன். கைத்துளை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் கையை விட்டுக்கொண்டு, அப்படி நினைத்தேன்.

ரங்கூன் பிட்டர் நிப்பிளைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார். மாமா, "நான்தான்" என்றார். முதலாளி அவருக்கு ஒரு வாரக் கூலியைப் பிடித்தார். மாமா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

17 பிப்ரவரி

ஆறுதல் எழுதியவர்களுக்கு நன்றி. கேஜுக்கு வருவோம்.

24 பிப்ரவரி

தம்பியின் அடுத்த பிரச்சினை. நூடுல்ஸ் வேகவைக்கும் பெட்டிகளுக்கு 1 பார் ஸ்டீம் போகிறது, குழாய் கூரைக்குப் பக்கத்தில். கேஜ் எட்டாத உயரத்தில் இருந்ததால் கண் மட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். மெல்லிய குழாய் மூன்று மீட்டர் கீழே வருகிறது. இப்போது கேஜ் 1.3 காட்டுகிறது. ரெகுலேட்டரைக் குறைத்து 1 ஆக்கினால் நூடுல்ஸ் வேகவில்லை. கேஜ் கெட்டுவிட்டதா?

கேஜ் நல்ல கேஜ். அந்த மூன்று மீட்டரிலும் தண்ணீர் நிற்கிறது. பத்து மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார், ஆகவே மூன்று மீட்டர் 0.3 பார். கேஜ் ஸ்டீமையும் சேர்த்துத் தண்ணீரின் எடையையும் காட்டுகிறது. நீங்கள் 1 என்று வைத்தபோது குழாயில் இருந்தது 0.7. அதாவது 120 டிகிரி ஸ்டீமுக்குப் பதில் 115. பவுண்டுக் கணக்கில் பழகியவர்களுக்கு: இரண்டே கால் அடிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீருக்கு ஒரு பவுண்டு.

7 பார் குழாயில் இந்த 0.3ஐ யாரும் கவனிக்க மாட்டார்கள். 1 பார் குழாயில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கேஜ் முகத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், "0.3 கழிக்கவும்" என்று. இல்லையென்றால் விவரம் தெரிந்த ஆளைக் கொண்டு முள்ளை அந்த அளவு பின்னுக்கு வைக்கச் சொல்லுங்கள். சீட்டுத்தான் எனக்குப் பிடிக்கும். முள்ளை மாற்றியவன் வேலையை விட்டுப் போய்விடுவான், சீட்டு இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு: மூன்று மீட்டர் வெறும் குழாய் நிறையத் தண்ணீர் இருப்பதால் அந்தக் கேஜ் சில்லென்று இருக்கும். கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்மிட்டர்களை ஸ்டீமில் இப்படித்தான் கீழே இறக்கி வைப்பார்கள். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குச் சுற்றுச்சூடு 85 டிகிரிதான் பொதுவான எல்லை.

3 மார்ச்

கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கினால் பன்றிவால் வேண்டாமா? வேண்டும். கிளிசரின் முள் நடுங்காமல் இருக்க. சூட்டுக்கு அல்ல. சூடு பட்டால் கிளிசரின் டீ நிறத்துக்கு வரும், விரியும், முகக் கண்ணாடிக்குள் தானே ஒரு அழுத்தம் உண்டாக்கிக் கணக்கைக் கெடுக்கும்.

உள்ளே இருக்கும் வளைகுழாயைப் பற்றிக் கேட்டவருக்கு: பாரிசில் யூஜின் பூர்டான் 1849ல் காப்புரிமை வாங்கியது. திருவிழாவில் பிள்ளைகள் ஊதினால் சுருள் நாக்கு நீளுமே அந்த ஊதல், அதே சங்கதிதான். நசுங்கிய வளைகுழாய்க்குள் அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். ஊதல் நாக்கைச் சூடான இஸ்திரிப் பெட்டியில் வைத்து எடுத்தால் பிறகு சுருளுமா? அதேதான்.

10 மார்ச்

பிரஷர் சுவிட்சுக்கும் இதே பன்றிவால் வேண்டும் என்று எழுத விட்டுப்போயிற்று. பழைய வகை, பாதரசக் குமிழ் சாய்ந்து தொடர்பு வெட்டுவது, உங்களிடம் இருந்தால் ஒரு நுணுக்கம். சுருள் சூடானால் கொஞ்சம் விரியும், தலையில் இருக்கும் சுவிட்ச் அதோடு சேர்ந்து லேசாகச் சாயும். குமிழ் சாயும் திசையிலேயே சுருளும் சாய்த்தால் பர்னர் தப்பான அழுத்தத்தில் நிற்கும். ஆகவே சுருளின் முகம் குமிழின் முகத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும். சலவைக்கூடம் ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சுவிட்சைக் கால் சுற்றுத் திருப்பினேன், அவ்வளவுதான் வேலை. கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

11 மார்ச்

கேஜைப் பூட்டும்போது முகத்தைப் பிடித்துத் திருகாதீர்கள், கழுத்தில் இருக்கும் சதுரத்தில் ஸ்பேனர் போடுங்கள். நேர் மரை கேஜுக்கு அடியில் செம்பு வாஷர். டெஃப்லான் டேப்பை வேட்டி மாதிரிச் சுற்றாதீர்கள், நேர் மரையில் அது அடைக்காது, நூல் நூலாகப் பிய்ந்து கேஜின் ஊசித்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

7 ஏப்ரல்

தண்ணீர்த் திருவிழாவுக்குப் பட்டறை ஒரு வாரம் மூடுகிறார்களாம், என்ன செய்து வைக்க வேண்டும் என்று தம்பி கேட்கிறார். 9 பிப்ரவரி குறிப்பைப் படியுங்கள். ஆறும்போது காற்று வால்வைத் திறந்து வையுங்கள். முழுக்க ஆறியதும் கேஜைக் கழற்றி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். பன்றிவாலுக்குள் ஒரு கம்பியை விட்டுச் சேறு இருக்கிறதா பாருங்கள். திருவிழா முடிந்து ஏற்றும்போது கால் டம்ளர். ஊர் முழுக்கத் தண்ணீர் ஊற்றும் நாளில் இதற்கும் கொஞ்சம் ஊற்றினால் குறைந்துவிட மாட்டீர்கள்.

23 ஏப்ரல்

ஏற்றியாயிற்றாம். தண்ணீர் ஊற்றியது யார் தெரியுமா? பிட்டர். தம்பி மறந்துவிட்டாராம், அவர் டம்ளரோடு வந்து நின்றாராம்.

நல்லது. ஆனால் தம்பி, அனுப்பிய போட்டோவில் மூன்று வழி காக்கின் கைப்பிடி மறைந்திருக்கிறது. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரியும்படி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். முள் 7ல் நிற்கிறது, அது சரி. நேற்றும் சரியாக 7லேயே நின்றதா?